லாக்கருக்கு அடியில் இரண்டு புள்ளி

செங்கல்பட்டில் ஆரம்பித்து மாமல்லபுரம் கடற்கரை வரைக்கும், நான் வேலையில் இருந்த காலத்தில் கல்யாணம் நடந்த எந்த வீட்டுக்கு வேண்டுமானாலும் என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள். சீர் பீரோவைத் திறந்து உள்ளே கையை விட்டேன் என்றால், அது எங்கள் ஷெட்டில் அடித்ததா வெளியே அடித்ததா, தகடு மடித்தவன் எவன் என்பது வரைக்கும் சொல்லிவிடுவேன். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். எட்டாவது தேறாத ஒருத்தன், ஒரு தொழிற்சாலையில் எதை அடிப்பது, எப்போது அடிப்பது, எதை நிறுத்துவது என்று தீர்மானிக்கிற நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வு பெற்றான் என்றால், பெருமை பேச அவனுக்கு உரிமை உண்டு.

இதை எழுதச் சொல்லிக் கேட்டவர் இப்போது அந்த நாற்காலியில் இருப்பவர். படூர் பக்கம் என்ஜினீயரிங் படித்தவர். போன மாதம் வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டு, "ஸ்டாக்குக்கு ஓட்றதா, ஆர்டருக்கு ஓட்றதான்னு இன்னும் ரோதனையாத்தான் கீது சார். நீங்க எப்டி சமாளிச்சீங்கன்னு நம்ம சங்கத்து மலருக்கு எழுதிக் குடுங்க" என்றார். கிளம்பும்போது கூடத்தில் நிற்கிற பீரோவை ஒரு பார்வை பார்த்தார். "நம்ம ஷெட்டுதா சார்?" என்றார். ஆமாம் என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. அவர் கேட்டதையும் கேட்காததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் ஊர் மதுராந்தகம் ஏரிக்கு அந்தப் பக்கம். பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா என்பது இன்று வரை தீராத வழக்கு. திருக்கழுக்குன்றம் ரோட்டில் இருந்த பீரோ கம்பெனியில் தகட்டுத் துண்டு பொறுக்கச் சேர்ந்தேன். அப்புறம் வெட்டுகிற மிஷின், மடிக்கிற மிஷின், வெல்டிங். ஒரு மிஷினில் நிற்பவனுக்கு அடுத்த மிஷினில் என்ன நடக்கிறது என்று தெரியாது. எனக்குத் தெரிந்தது. அதனால் மேலே போனேன். அந்தக் கதையை நீட்டினால் மலரில் இடம் போதாது.

முதலாளி பெயர் தனபால். சத்தம் போட்டு அவர் பேசி நான் கேட்டதில்லை. காலையில் வந்ததும் ஆபீசுக்குப் போகமாட்டார். முடித்து நிறுத்தியிருக்கும் பீரோக்களை வரிசையாக உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டிக்கொண்டே நடப்பார். சத்தத்தை வைத்தே தகடு மெல்லிசா, வெல்டு விட்டிருக்கிறதா என்று கண்டுபிடிப்பார். எல்லோரையும் 'நைனா' என்பார். எதையும் அவராக முடிவு செய்யமாட்டார், கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே, "நீ இன்னா சொல்ற நைனா?" என்று நம்மைக் கேட்பார். நாம் சொல்வோம். அது பலித்தால் அவர் செய்தது. பலிக்கவில்லை என்றால் எல்லோருக்கும் நடுவில், அதே தணிந்த குரலில், "நீதான நைனா சொன்ன" என்பார். திட்டினால் திருப்பிப் பேசலாம். நம் வாயிலிருந்து எடுத்ததையே நம் கையில் கொடுத்தால் என்ன பேசுவது? லீவு கேட்ட ஒரு வெல்டர், என்றைக்கோ மேஸ்திரியிடம் கோபத்தில் "நான் இல்லன்னா வேலை நின்னுடுமா" என்று கேட்டிருந்தான். அதைத் திருப்பிச் சொல்லியே அவனை வேலையை விட்டு அனுப்பினார். அவன் போகிறபோது அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனான்.

அந்தக் காலத்தில் எல்லாமே கணிப்புதான். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, கடைக்காரர்கள் எட்டிப் பார்க்கமாட்டார்கள். ஆட்களுக்கு வேலை கொடுக்க வேண்டுமே என்று ஷெட் நிறைய பீரோ அடித்து, பெயிண்ட் பூசி, கண்ணாடி மாட்டி நிறுத்திவிடுவோம். மெரூன் அடித்து வைத்தால் ஜனங்கள் காப்பிக் கலர் கேட்பார்கள். காப்பிக் கலர் அடித்தால் பச்சை. ஆனாலும் எப்படியோ போய்விடும். பழைய மாமல்லபுரம் சாலையில் கட்டடம் எழும்புகிற வரைக்கும் போனது.

ஒருநாள் முதலாளி என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு நாவலூர் வரைக்கும் போனார். இரண்டு பக்கமும் அடுக்குமாடி. டீக்கடையில் இறங்கி, கண்ணாடியைத் துடைத்தார். நீ இன்னா சொல்ற நைனா என்றார். நான் டீயை ஊதிக்கொண்டே, "வூடு கட்னா பீரோ வாங்கித்தான ஆவணும்" என்றேன். டீக்கடைப் பேச்சு. மறுநாள் லாரி லாரியாகத் தகடு வந்து இறங்கியது.

மூன்று ஷிப்ட் ஓட்டினோம். ஷெட் நிறைந்து, வெளியே தார்ப்பாய் போட்டு நிறுத்தினோம். கட்டடங்களில் குடி வந்தார்கள். பீரோ மட்டும் போகவில்லை. கேளம்பாக்கம் கடைக்காரர்தான் போனில் விஷயத்தைச் சொன்னார். "அண்ணாத்த, இங்க செவுத்துலயே அலமாரி வெச்சி கட்றானுங்க. இரும்பு பீரோன்னா சிரிக்கிறானுங்க." அதற்குள் மழை வந்துவிட்டது. அந்தப் பக்கத்துக் கடல் காற்று உங்களுக்குத் தெரியும். கீல் இடுக்கிலிருந்து துரு வழிந்து மெரூன் மேல் கோடு போட்டது. முதலாளி ஒரு பீரோவைத் தட்டிப் பார்த்தார். எல்லோரும் நின்றார்கள். "நீதான நைனா சொன்ன" என்றார்.

சரி, அடுத்து என்ன செய்தார்? ஒரேயடியாக அந்தப் பக்கம் சாய்ந்தார். ஆர்டர் சீட்டு கையில் இல்லாமல் இனி ஒரு தகடு வெட்டக் கூடாது என்றார். கேட்க நன்றாக இருக்கும். மார்கழி முழுக்க ஆட்கள் ஷெட்டில் பீடி பிடித்தார்கள். பொங்கல் முடிந்ததும் ஆர்டர் கொட்டியது. எல்லோருக்கும் ஒரே முகூர்த்தம், எல்லோருக்கும் முந்தின நாள் பீரோ வேண்டும். பெயிண்ட் காய வைக்கிற பெரிய அடுப்பு, 'அவன்' என்போம், எங்களிடம் இருந்தது ஒன்று. ஆளை இன்னும் பத்து பேர் சேர்க்கலாம். அந்த அடுப்புக்குள் பத்து பீரோ கூடுதலாகத் திணிக்க முடியாது.

அந்தத் தையில் கொக்கிலமேட்டிலிருந்து ஒரு தகப்பனார் வந்தார். கடலுக்குப் போகிறவர். பெண் புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள், பீரோ போகவில்லை. சம்பந்தி வீட்டில் காலி இடத்தைக் காட்டி ஏதோ பேசியிருக்கிறார்கள். அவர் சண்டை போடவில்லை. அடுப்புக்கு எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டு, தன் பீரோ உள்ளே போய் வெளியே வருகிற வரைக்கும் நகரவில்லை. ஏற்றும்போது என்னிடம் சொன்னார்: "கல்யாணம் முடிஞ்சி போற பீரோ சீரு இல்லபா. கடனு."

அன்றைக்குத்தான் எனக்கு யோசனை வந்தது. இதை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை, எனக்கு யாரும் சொல்லித் தரவும் இல்லை. இப்போது அதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் இருப்பதாகவும், அதை வகுப்பில் படம் போட்டுக் காட்டுவதாகவும் அந்த இளைஞர் சொன்னார். இருக்கட்டும். நான் கண்டுபிடித்தபோது அதற்குப் பெயர் 'சாம்பல் வரிசை'.

சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். பீரோவில் எது எல்லோருக்கும் பொது? உடம்பு. எது ஒருத்தருக்கு மட்டும்? நிறம், கண்ணாடி, கைப்பிடி, கண்ணாடியில் பொறிக்கிற பெயர். அப்படியானால் பொதுவானதைக் கணிப்பில் ஓட்டு, ஒருத்தருக்கானதை ஆர்டரில் ஓட்டு. நடுவில் எங்கே நிறுத்துவது என்பதுதான் விஷயம். வெறும் தகடாக நிறுத்தினால் எங்கள் காற்றுக்கு ஒரு வாரத்தில் துரு. பெயிண்ட் பூசி நிறுத்தினால் பழைய கதை. பிரைமர் என்கிற சாம்பல் பூச்சைப் பூசி, அதோடு நிறுத்தினேன். ஆடியிலும் மார்கழியிலும் சாம்பல் உடம்புகளாக அடித்து வரிசை கட்டுவேன். ஆர்டர் வந்ததும் வரிசையின் தலையிலிருந்து ஒன்றை இழுத்து, சன்னமாகத் தேய்த்து, நிறம் பூசி, கண்ணாடி மாட்டினால் மூன்றாம் நாள் லாரியில் ஏறும். கடலோர ஊர் என்றால் கூடுதலாக ஒரு பூச்சு. வரிசை எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பதைப் பஞ்சாங்கத்தையும் கடைக்காரர்கள் வாயையும் வைத்து நானே கணிப்பேன். தவறினால்கூட நஷ்டமில்லை. சாம்பல் நிறத்துக்கு ஃபேஷன் கிடையாது.

அடுத்த தையில் ஒரு பீரோகூடப் பிந்தவில்லை. முதலாளி கடைக்காரர்களைக் கூட்டி விருந்து வைத்தார். "நம்ம கம்பெனியில ஒரு முறை கொண்டாந்துகீறோம்" என்றார். நான் சாம்பார் வாளியோடு நின்றுகொண்டிருந்தேன்.

ஆனால் ஒன்றை நான் எதிர்பார்க்கவில்லை. ஸ்டாக்குக்கு அடித்த காலத்தில் எந்த பீரோவுக்கும் சொந்தக்காரர் கிடையாது, கடைக்கு வந்து எவர் கை வைக்கிறாரோ அவருடையது. ஆர்டருக்கு முடிக்க ஆரம்பித்ததும், பெயிண்ட் பூசும்போதே அது ஒரு பெண்ணின் பீரோ ஆகிவிடுகிறது. ஷெட்டில் பேசுவதே அப்படித்தான். "திருக்கழுக்குன்றத்துப் பொண்ண அவன்ல ஏத்திட்டியா?" என்றுதான் கேட்பார்கள்.

அந்தத் திருக்கழுக்குன்றத்துப் பெண்ணின் பீரோதான் முதலில் திரும்பி வந்தது. அவளுடைய தகப்பனார் ஆசையாகப் பெரிய கண்ணாடி கேட்டிருந்தார். கதவு கனம் தாங்க வேண்டுமே என்று வழக்கமான மூன்று கீலுக்குப் பதிலாக நான்கு கீல் வைத்தோம். மயில் நீலம். கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை வீட்டார் பேச்சு மாறிவிட்டார்கள். கடைக்காரர் பீரோவைக் கடையிலேயே வைக்கமாட்டேன் என்று அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டார்.

அதை ஷெட்டின் மூலையில் நிறுத்தினோம். பேக்கிங்கில் இருந்த பெண்கள் கண்ணாடியைக் கோணியால் மூடினார்கள். மதியம் சாப்பாட்டுத் தூக்கை அதன் மேல் வைக்க ஆளில்லை. நின்றுபோன கல்யாணத்து பீரோவை நம் பக்கத்தில் எவர் வாங்குவார்? பாதி விலை சொன்னாலும் வாங்கமாட்டார். பிறகு இன்னும் இரண்டு வந்தன. மூலை நிரம்ப ஆரம்பித்தது.

நான் ஒரு வழி சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி, உடம்பைக் காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்கிப் பெயிண்டை உரித்து, ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்து, மறுபடி சாம்பல் பூசி வரிசையில் சேர்த்துவிடுவது. பட்டி வைத்த இடம் பிறகு உள்வாங்கும், அங்கே கூடுதல் பூச்சு வேண்டும் என்பதால் பெயிண்டருக்கு அடையாளம் வேண்டும். லாக்கருக்கு அடியில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், சென்டர் பஞ்ச் என்கிற கூர் உளியால் இரண்டு புள்ளி குத்தச் சொன்னேன். கையை விட்டுத் தடவினால் தெரியும்.

ஷெட்டில் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. பெயிண்டு பிரிவில் மேஸ்திரி அந்தோணி. என்னோடு தகட்டுத் துண்டு பொறுக்கினவன். அவனே, "எங்கள்ல இதெல்லாம் பாக்கறதில்ல அண்ணாத்த. ஆனா என் பொண்ணுக்குன்னா நானும் எடுக்க மாட்டேன்" என்றான். முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். நீ இன்னா சொல்ற நைனா என்று என்னைக் கேட்டார். எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் பின்வாங்கினால் சாம்பல் வரிசையே படுத்துவிடும். ஒரு முறை ஆளுக்கு ஆள் பயப்பட ஆரம்பித்தால் எந்த முறையும் ஓடாது. சொன்னேன்:

"இரும்புக்கு இன்னாய்யா தெரியும், எந்தக் கல்யாணம் நின்னுச்சின்னு? உரிச்சிட்டா அது வெறும் தகடு. என் பொண்ணு கல்யாணத்துக்கு நானே எடுப்பேன், இன்னா இப்போ?"

என் மகள் தேன்மொழி அப்போது பாவாடை சட்டையில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அப்படிப் பேசியதால்தான் வேலை நடந்தது. தொட்டியில் முக்கினார்கள், உரித்தார்கள், புள்ளி குத்தினார்கள். அன்று சாயங்காலம் என் மனைவி சரோஜாவிடம் இதைச் சொல்லி, மூளை என்றால் இதுதான் மூளை என்றேன். அவள் குழம்பைக் கிண்டிக்கொண்டே, அந்த நீலக் கலர் பெண்ணுக்கு அப்புறம் கல்யாணம் ஆச்சா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

வருஷங்கள் போயின. வரிசை ஓடியது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் வரிசையின் வால் ஓடவில்லை. உடம்பை இழுக்கிறவன், இழுப்பதற்கு முன் லாக்கருக்கு அடியில் கையை விடுவான். புள்ளி தட்டுப்பட்டால் அடுத்ததை இழுப்பான். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். புள்ளி வைத்தவை பின்னால் தள்ளப்பட்டு, தள்ளப்பட்டு, கடைசிச் சுவர் ஓரம் சேர்ந்துகொண்டே வந்தன. நான்கு கீல் உடம்பு எல்லாவற்றுக்கும் கடைசியில் நின்றது.

தேன்மொழிக்கு மதுராந்தகத்தில் மாப்பிள்ளை அமைந்தது. கம்ப்யூட்டர் வேலை. ஐப்பசியில் கல்யாணம். வரிசையின் தலையிலிருந்து புது உடம்பு ஒன்றை நானே தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, அந்தோணியிடம் வெங்காயக் கலர் அடிக்கச் சொன்னேன். தேன்மொழி கேட்ட நிறம் அது. அந்தோணி சரி என்றான். வழக்கமாக இரண்டு வார்த்தை கேலி பேசுவான், அன்றைக்குப் பேசவில்லை.

ஆயுத பூஜைக்கு எல்லோரும் வீட்டாரைக் கூட்டி வருவோம். மிஷினுக்கெல்லாம் சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை கொடுப்பார்கள். சரோஜாவும் தேன்மொழியும் வந்திருந்தார்கள். கற்பூரம் காட்டி முடித்ததும் முதலாளி என்னை முன்னால் கூப்பிட்டார். துணி போட்டு மூடின ஒரு பீரோ, மாலையோடு நின்றது. துணியை அவரே இழுத்தார். வெங்காயக் கலர். கண்ணாடியில் பூவேலை. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. "நம்ம நைனா பொண்ணுக்குக் கம்பெனியோட சீரு" என்றார். தேன்மொழிக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் கதவைத் திறந்தேன். எங்கள் ஷெட்டில் எவன் கதவைத் திறந்தாலும் கை தானாக லாக்கருக்கு அடியில் போகும். என் கையும் போனது. இரண்டு புள்ளி. கதவின் ஓரத்தைப் பார்த்தேன். நான்கு கீல்.

அந்தோணியைத் தேடினேன். அவன் தன் செருப்பில் ஒட்டின பெயிண்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதலாளி என் தோளில் கை வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "அன்னிக்கி நைனா சொன்ன வார்த்த எனக்கு அப்டியே ஞாபகம் கீது" என்றார். ஷெட்டில் இருந்தவர்களுக்கும் ஞாபகம் இருந்தது. சிலர் கை தட்டினார்கள். பலர் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் கும்பிட்டேன். வேறு என்ன செய்ய?

குட்டி யானை வேனில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போனதும் சரோஜா கதவைத் திறந்து, உள்ளே குனிந்து, கையை விட்டாள். அந்தப் புள்ளிக் கதையை வீட்டில் எத்தனை முறை பெருமையாகச் சொல்லியிருப்பேன்! கையை வெளியே எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"இத்த நீங்க கேட்டு வாங்கனீங்களா, அவுரா குட்த்தாரா?"

"அவர்தான்."

"அப்போ திருப்பிக் குட்த்துருங்க."

தேன்மொழி பக்கத்தில் நின்றிருந்தாள். அவளுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும், "இருக்கட்டும்மா. அப்பா அத்தினி பேர் முன்னால சொன்ன வார்த்த. நான் எடுத்துகினு போறேன்" என்றாள். அவள் அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் முதலாளியின் அறைக்குப் போனேன். அத்தனை வருஷத்தில் எனக்காக அவரிடம் நான் எதையும் கேட்டதில்லை. சம்பளம் கூட்டிக் கேட்டதில்லை, லீவு கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன். இலவசமாக வேண்டாம், என் செலவிலேயே எடுத்துக்கொள்கிறேன், நான் முதலில் சொன்ன புது உடம்பைக் கொடுங்கள், பெண்ணின் தாய் சஞ்சலப்படுகிறாள் என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். அவசரப்படவில்லை.

"வரிசைல கடைசீல எத்தினி புள்ளி வெச்ச பாடி நிக்குது, நீ பாத்தியா நைனா?"

பார்த்தேன் என்றேன்.

"எவனும் தொட மாட்டேங்கறான். நீ தெனம் பிளான் போடற. நீ ஒருவாட்டி அத்த இழுக்கச் சொன்னியா?"

நான் மேஜை மேல் கிடந்த ஆர்டர் சீட்டுகளை அடுக்கினேன்.

"நான் சொன்னா பயந்துகினு எடுப்பானுங்க, அப்பறம் மறுபடி ஒதுக்குவானுங்க. நீ உன் பொண்ணுக்கு எடுத்துகினு போனீன்னா அதோட பேச்சி முடிஞ்சிச்சி. வரிசை தானா ஓடும்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நான் ஒண்ணும் புச்சா சொல்லல. நீதான நைனா சொன்ன."

வெளியே வந்தேன். ஷெட்டில் சத்தம் நின்று போயிருந்தது. நான் என்ன சொல்லிவிட்டு வருகிறேன் என்று பார்க்கிறார்கள். இவர்கள் முன்னால் அந்த பீரோவைத் திருப்பி இறக்கினால், புள்ளி வைத்தவை மட்டும் அல்ல, சாம்பல் வரிசையே சந்தேகமாகிவிடும். கடைக்காரர் காதுக்குப் போகும். உரித்துப் பூசிய உடம்பு எது, புது உடம்பு எது என்று ஒவ்வொரு தகப்பனாரும் கேட்பார். நான் கட்டியது முழுக்க ஒரே வாரத்தில் விழும். "இன்னா வேடிக்க? வேலையப் பாருங்க" என்றேன்.

தேன்மொழி அந்த பீரோவோடுதான் போனாள்.

முதலாளி கணக்கு தப்பவில்லை. கல்யாணத்துக்கு மறு வாரமே புள்ளி வைத்த உடம்புகளை இழுத்தார்கள். கையை விட்டுத் தடவுவதைக்கூட நிறுத்திவிட்டார்கள். கடைசிச் சுவர் ஓரம் காலியானது. என் சாம்பல் வரிசை முதல் தடவையாகத் தலையிலிருந்து வால் வரைக்கும் ஒழுங்காக ஓடியது. பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். முதலாளி அவர்களுக்குச் சுற்றிக் காட்டினார். தட்டிப் பார்க்கச் சொன்னார். அந்தோணி மட்டும் ஒருநாள் டீக்கடையில், "முன்னாடியே உன்கிட்ட சொல்லிருக்கணும் அண்ணாத்த. சொல்லக்கூடாதுன்ட்டாரு" என்றான். அவனோடு இன்றைக்கும் பேசுகிறேன். முன்பு போல அல்ல.

இளைஞரே, நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஸ்டாக்கா, ஆர்டரா என்று சண்டை போடாதீர்கள். பொருள் எந்த இடத்தில் ஒரு ஆளுடையதாக மாறுகிறதோ, அதற்கு ஒரு படி முன்னால் நிறுத்துங்கள். அது வரைக்கும் கணிப்பு, அதற்குப் பிறகு ஆர்டர். கம்ப்யூட்டர் இதை என்னைவிட வேகமாகப் போடும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு ஆளுடையதாக மாறிவிட்டதைத் திரும்ப யாருடையதும் இல்லாததாக ஆக்க முடியும் என்று எவராவது சொன்னால், சொல்கிறவர் தன் வீட்டைக் கேட்டுவிட்டுச் சொல்கிறாரா என்று பாருங்கள். நான் செய்து காட்டியிருக்கிறேன். ஷெட்டில் முடியும்.

தேன்மொழிக்கு முதல் பிள்ளை தங்கவில்லை. நிறையப் பேருக்கு அப்படி ஆகிறது என்று டாக்டரம்மா சொன்னார். ஆஸ்பத்திரி வராந்தாவில் சரோஜா என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். பிறகு ஒரு பையன் பிறந்தான், கொழுக்கட்டை மாதிரி இருக்கிறான். இரும்புக்கு ஒன்றும் தெரியாது. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். என்ன, சரோஜாவுக்குத் தெரியும்.

நான் ஓய்வு பெற்ற அடுத்த வருஷம் மாப்பிள்ளை படூரில் அடுக்குமாடி வீடு வாங்கினார். போய்ப் பார்த்தோம். ஒவ்வொரு அறையிலும் சுவரோடு சேர்த்து அலமாரி. மாப்பிள்ளை மரியாதையானவர். என்னைத் தனியாக அழைத்து, "மாமா, தப்பா நெனச்சிக்காதீங்க. அந்த பீரோவ வெக்க எடமே இல்ல" என்றார். வெளியே விற்க வேண்டாம், நானே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். விற்றாலும் யாரோ ஒரு பெண்ணுக்குத்தானே போகும்.

மறுபடி குட்டி யானை. எங்கள் வீட்டு வாசலில் இறக்கியபோது சரோஜா நிலைப்படியில் நின்று பார்த்தாள்.

"ஆர்டரும் இல்ல, ஸ்டாக்கும் இல்ல. இதுக்கு உங்க ஷெட்ல இன்னா பேரு?"

அதற்கு எங்கள் ஷெட்டில் பெயர் இல்லை.

கூடத்தில் நிற்பது அதுதான். நல்ல தகடு, நல்ல வெல்டு, நான்கு கீலும் இன்னும் தொய்யவில்லை. சரோஜா தன் சேலைகளை இப்போதும் டிரங்குப் பெட்டியில்தான் மடித்து வைக்கிறாள். ஒரு சேலைகூட இதில் வைத்ததில்லை. காலையில் எழுந்து அந்த வழியாகப் போகும்போது, பழக்கத்தில், உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டுவேன். உள்ளே துணி இருக்கிற பீரோ அப்படிச் சத்தம் போடாது. இது வீடு முழுக்கக் கேட்கிறது.